எல்.கே.ஜி.யில் ஒரு சீட்

சாத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். அதன் தாளாளர் தனசேகர் பங்குனி வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர். எல்.கே.ஜி.யில் சேர வரும் பிள்ளையைக்கூட ஆங்கில இலக்கணத்தில் கேள்வி கேட்காமல் விடமாட்டார்.

செண்பகம் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர்கள் ஊருக்கு வேன் அனுப்பும் பள்ளிக்கூடம் அது ஒன்றுதான்.

"பாப்பா, 'ஹி'க்குப் பின்னால 'கோ' வருமா, 'கோஸ்' வருமா?"

பாப்பா மேசைமேல் இருந்த மணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலையா? அப்ப சீட் இல்லம்மா. எங்க ஸ்கூல் தரம் அப்படி."

செண்பகம் பணிவாகவே பேசினாள். "வீட்ல சொல்லிக்குடுத்துக் கூட்டிட்டு வர்றேங்க சார். எப்படிச் சொல்லணும்னு, உங்க யு.கே.ஜி. பிள்ளை ஒண்ணைக் கேட்டுக் காட்டுங்களேன்."

"ஒண்ணு என்னம்மா ஒண்ணு, கிளாஸையே கூப்பிடுறேன்!" தாளாளர் மணியை அடித்தார்.

யு.கே.ஜி. பிள்ளைகள் தங்கள் மிஸ்ஸோடு வரிசையாக வந்து நின்றார்கள். அதே கேள்வியைக் கேட்டார். ஒருவன் டை நுனியைச் சப்பினான். ஒருத்தி, "மிஸ், ஒண்ணுக்கு" என்றாள். மற்றவர்கள் ஒரே குரலில், "குட் மார்னிங் சார்" என்று இழுத்தார்கள். மிஸ் சுவரைப் பார்த்தாள். தாளாளருக்குக் கோட்டுக்குள் வேர்த்தது.

செண்பகம் எழுந்து கும்பிட்டாள். "ரொம்ப சந்தோஷம் சார். என் பொண்ணு இப்பவே யு.கே.ஜி. முடிச்ச கணக்குதான். நேரா ஒண்ணாம் வகுப்புல போட்டுடுங்க."

"எல்.கே.ஜி.யே இருக்கட்டும்மா" என்று தாளாளர் அவசரமாகக் கையெழுத்துப் போட்டார்.