சென்னியப்பன் ஊதிய இரும்பு

சென்னியப்பனுக்குப் பயம் வந்தால் வாய் சும்மா இருக்காது. அன்றைக்கு அவருக்கு நல்ல பயம்.

கோயம்புத்தூர் குறிச்சிப் பக்கம் ஒரு பெயிண்டிங் பட்டறை. பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் இரும்பைத் தயார் செய்வது அவர் வேலை. குழாய் வழியாக இரும்புப் பொடியைக் காற்றோடு பீய்ச்சி, துருவை உரித்து, பெயிண்ட் பிடித்துக்கொள்கிற மாதிரி சொரசொரப்பாக்க வேண்டும். பட்டறையில் இதை 'ஊதுவது' என்பார்கள். போன மழையில் அவர் ஊதிவைத்த பைப்புகள் ராத்திரி முழுக்க வெளியே கிடந்தன. ஈரத்தில் மறுபடி துருவேறிய அவற்றின் மேலேயே பெயிண்ட் அடித்து அனுப்பினார்கள். போன இடத்தில் அது அப்பளம் மாதிரி உரிந்து வந்துவிட்டது. இந்தத் தடவையும் உரிந்தால் ஆர்டர் வேறு பட்டறைக்கு, சென்னியப்பன் வீட்டுக்கு. முதலாளி அதை முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

சோதித்துப் பார்க்க ஜெபராணி என்று ஓர் இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். பைப்பில் பெயிண்ட் மேல் ஓர் இரும்புக் குமிழைப் பசை போட்டு ஒட்டினார். பசை காய்ந்ததும் மெஷினை மாட்டிக் குமிழை இழுப்பார். குமிழோடு பெயிண்டும் வந்தால் தொலைந்தது.

பசை காயும்வரை சும்மா இருக்க முடியுமா?

"மேடம், நான் ஊதுன தகட்டுல ஒருக்கா ஈ ஒண்ணு உக்காந்துச்சுங்க," என்று ஆரம்பித்தார். "எந்திரிக்கவே முடியல. அத்தனை சொரசொரப்பு. ஆறு காலையும் அங்கயே விட்டுப்போட்டு ஒடம்பு மட்டும் பறந்து போச்சு."

அடுத்த பைப்பின் மரையில் பெயிண்ட் படாமலிருக்க டேப் ஒட்டிக்கொண்டிருந்த, கூட வேலை செய்யும் மயிலாத்தா தலையைத் தூக்கவில்லை. "அப்புறம் அது எங்கீங்ணா உக்காந்துச்சு?"

"அதுதான் உக்காரவே இல்லியே. இன்னிக்கும் பறந்துட்டுத்தான் இருக்குது."

ஜெபராணி பசையைத் தொட்டுப் பார்த்தார். காயவில்லை. சென்னியப்பனுக்கு ஈ போதாது என்று தோன்றியது.

"ஈயை விடுங்க. ஈரோட்டுல ஒரு இரும்புக் கேட்டு ஊதுனேன். பெயிண்டர் வந்து டப்பா மூடியைத் தொறந்தான், அவ்வளவுதான். பெயிண்ட் தானா எந்திரிச்சு வந்து கேட்டுல ஏறிக்கிச்சு. பிரஷ்ஷு கையிலயே நிக்குது. 'நான் எதுக்குங்ணா வந்தேன்?'னு அழுதுட்டான் பாவம்."

"எத்தனை கோட்டுங்ணா?" என்றாள் மயிலாத்தா.

"ரெண்டு. மொதக் கோட்டு காயற வரைக்கும் மிச்சப் பெயிண்ட் டப்பாவுலயே பொறுமையா இருந்துச்சு."

மயிலாத்தா டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள். "போன மழையில மட்டும் அந்தப் பெயிண்ட் எங்கீங்ணா போச்சு?"

சுருக்கென்று தைத்தது. இந்தத் தடவை அவர் ஊதி முடித்த கையோடு, மானம் கருக்குது, மழை வரப்போகுது என்று கத்தி, பெயிண்டரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து அடிக்க வைத்திருந்தார். அதைச் சொல்லியிருந்தால் எல்லாரும் நம்பியிருப்பார்கள். அவருக்குச் சொல்லத் தோன்றவில்லை.

"தூத்துக்குடியில உப்பளத்துப் பக்கம் ஒரு தண்ணி டேங்க்குங்க மேடம்," என்று குரலை உயர்த்தினார். "வெளிய நான்தான் ஊதிக் குடுத்தேன். உப்புக் காத்து உள்ளிருந்து இரும்பைத் தின்னுட்டே வந்துச்சு. ஒரு நா இரும்பு சுத்தமாத் தீந்து போச்சு. பெயிண்ட் மட்டும் நிக்குது! ஒரு சொட்டு ஒழுகல. ஊரே அதுலதான் தண்ணி புடிக்குது. போன வருசம் லாரி ஒண்ணு மோதுச்சுங்க. லாரிக்குத்தான் ஒடுக்கு."

யாரும் சிரிக்கவில்லை. ஜெபராணி மறுபடி பசையைத் தொட்டார். "காஞ்சிருச்சு அண்ணாச்சி."

மெஷினை மாட்டி இழுத்தார். முள் ஏறியது. மயிலாத்தா டேப்பைக் கீழே வைத்துவிட்டாள். முள் இன்னும் ஏறியது. டப்பென்று குமிழ் கழன்று கையோடு வந்தது. சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

ஜெபராணி குமிழைத் திருப்பிப் பார்த்தார். அடியில் வெறும் பசை. பைப்பில் பெயிண்ட் ஒரு பொட்டுக்கூடப் பெயராமல் இருந்தது.

"பசைதான் விட்டுச்சு. பெயிண்ட் விடல. பாஸ்."

சென்னியப்பன் அங்கேயே ஒரு காலி டிரம்மின் மேல் உட்கார்ந்துவிட்டார். "நான் சொல்லலீங்களா மேடம், அந்தத் தூத்துக்குடி டேங்க்கு..." என்று இழுத்தார்.

"தெரியும் அண்ணாச்சி, எங்க ஊர்தான்," என்றார் ஜெபராணி, மெஷினைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே. "போன மாசம் நான்தான் அதை டெஸ்ட் பண்ணப் போனேன். ஃபெயில் போட்டுட்டு வந்தேன்."

"ஏனுங்க மேடம்?"

"பெயிண்ட் எதுமேல ஒட்டியிருக்குன்னு பாக்குறதுதான் என் வேலை. அங்க ஒட்டுறதுக்கு ஒண்ணுமே இல்லையே அண்ணாச்சி."