டிஸ்கோ அடிக்காத டிரம்ஸ்காரர்

இதை எனக்கு முதலில் சொன்னது ரோசம்மாள் அக்கா. என் மூத்தவளைக் கட்டிக்கொடுத்த வருஷம், கோவிலில் செபமாலை முடிந்து இரண்டு பேரும் நடந்து வரும்போது சொன்னாள். இளவயதில் அவள் இன்னாசி மாஸ்டரின் பாட்டுக் கச்சேரியில் பாடியவள்.

அந்தக் கச்சேரியில் டிரம்ஸ் அடித்தவர் தேவசகாயம். மாஸ்டரைவிட மூத்தவர். ஆனாலும் தொழில் படித்தது மாஸ்டரிடம்தான். டிஸ்கோ வந்த புதிதில் அவர் அடிக்கு ஊரே ஆடியது. அதனால் எல்லாப் பாட்டுக்கும் அதையே அடித்தார். மாதா பாட்டுக்கும் அதே அடி. தாலாட்டுக்கும் அதே அடி.

போகப் போக ஜனம் எழுந்து போக ஆரம்பித்தது. இந்த வருஷக் கோவில் திருவிழாவிலும் கூட்டம் கலைந்தால் அடுத்த வருஷம் வேறு ஆள்தான் என்று கமிட்டித் தலைவர் சொல்லிவிட்டார்.

திருவிழா அன்று மேடை ஏறுமுன் தேவசகாயம் கேட்டார்.

"டிஸ்கோன்னா உசுரை விட்டாவளே மாஸ்டர். இப்போ அடிச்சா சுக்குக்காபி குடிக்கப் போயிடுதாவ. ஏன்?"

"இங்க சுக்குக்காபி நல்லாத்தான் இருக்கும் அண்ணாச்சி."

"கிண்டல் பண்ணாதிய. பொழப்பே போயிரும் போலிருக்கு."

"அப்ப இன்னிக்கு நான் சொல்ற வரைக்கும் டிஸ்கோ அடிக்காதிய."

மாதா பாட்டுக்கு மெதுவாக அடித்தார். ரோசம்மாள் அக்கா தாலாட்டுப் பாடினபோது குச்சியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். முன்வரிசையில் ஒரு பிள்ளை தூங்கிப்போனது. யாரும் எழுந்திருக்கவில்லை. அவருக்குத்தான் கை துறுதுறுத்தது.

இன்னும் நாலைந்து பாட்டு போயிற்று. கடலுக்குப் போகும் வலைக்காரர்கள் உட்கார்ந்திருந்த பக்கமிருந்து ஒரு சத்தம்.

"அண்ணாச்சி தூங்கிட்டியளா? அந்த டிஸ்கோவை எடுத்து விடுங்க."

கூட்டம் சிரித்தது. பிறகு நாலா பக்கமும் அதையே கேட்டார்கள்.

மாஸ்டர் தலையை ஆட்டினார். தேவசகாயம் அடித்தார். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து ஆடினார்கள். கமிட்டித் தலைவர்கூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

பாட்டு முடிந்தது. அடுத்ததற்கும் அதையே அடிக்கத் தேவசகாயம் குச்சியைத் தூக்கினார். மாஸ்டர் கையமர்த்தினார்.

"இன்னும் வேணும்ங்காவளே மாஸ்டர்."

"ஆமா அண்ணாச்சி. வேணும்னு சொல்ல இன்னிக்குத்தான அவங்கள விட்டிருக்கிய."

உங்கள் வீட்டு விசேஷத்துக்கு மைக் செட் போட்டால், நடுவில் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள்.