அகண்ட வாகனத்தில் நாடு கடத்தல்

சாந்தமங்கலம் என்றொரு ராஜ்யம். அங்கே மன்னரும் உண்டு, மின்சாரமும் உண்டு, தலைநகரின் அடியில் தொடங்கி நாட்டின் எல்லை வரை ஓடும் சுரங்க ரயிலும் உண்டு. மன்னர் பெயர் கோதண்ட பூபதி. அவருடைய சபையில் கூத்தபிரான் என்பவர் ஆலோசகர். ஆலோசகர் என்றால், எல்லாம் முடிவான பிறகு அபிப்பிராயம் கேட்கப்படுகிறவர்.

சுரங்கத்தைத் தோண்டி முதல் வண்டியை விட்டவர் மன்னரின் தகப்பனார். பலகை இருக்கை, காற்றுக்கு ஜன்னல், நிலையத்தின் பெயரைக் கூவ ஓர் ஆள். ஜனங்கள் உட்கார்ந்து போனார்கள். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கினார்கள். இதைத் திருத்தாமல் விடக் கூடாது என்று பின்னாளில் ரயில் இலாகாவுக்கு வந்த மந்திரி திருவேங்கடத்துக்குத் தோன்றியது.

பூமிக்கடியில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டு, இரண்டாவது வண்டியில் ஜன்னல்களை எடுத்தார். கூவுகிற ஆளையும் எடுத்தார். அதன்பின் கதவு திறந்ததும் மீன் வாடை அடித்தால் சந்தை, சாம்பிராணி மணத்தால் கோயில் என்று ஜனங்கள் மோப்பம் பிடித்து இறங்கினார்கள். ஜலதோஷம் பிடித்தவர்கள் கடைசி நிலையம் வரை போய்த் திரும்பினார்கள். மூன்றாவது வண்டியில் இருக்கைகளையே எடுத்துவிட்டார். உட்கார்ந்தால் அறுபது பேர், நின்றால் இருநூறு பேர் என்று அவர் விளக்கியபோது, நம் குடிகள் தலைநிமிர்ந்து நிற்கிறார்கள் என்று மன்னர் பூரித்துப் போனார்.

அண்டை நாட்டு மன்னர் ஒருமுறை விருந்துக்கு வந்தார். மூன்றாவது வண்டியில் ஒரு நிலையம் வரை நின்றுகொண்டே போய்விட்டு, ஊறுகாய் ஜாடிக்குள் இருந்த மாதிரி இருந்தது என்று சொல்லிவிட்டு ஊர் திரும்பினார். கோதண்ட பூபதிக்கு ரோஷம் வந்துவிட்டது. நாலாவது வண்டி இரண்டு முழம் கூடுதல் அகலமாக இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். மந்திரி உடனே அதற்கு 'அகண்ட வாகனம்' என்று பெயர் வைத்தார். பெயர் வைக்கிற வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை.

வண்டி கட்டும் பணிமனையின் தலைவர் இருளப்பன். முப்பது வருஷமாக இரும்போடு பழகியவர். வண்டி அகலமானாலும் சுரங்கம் பழைய அகலம்தானே என்று மந்திரிக்கு மூன்று கடிதம் எழுதினார். அரசாங்கத்தின் பெருமையை முழக்கோலால் அளக்கக் கூடாது என்று பதில் வந்தது. மூன்றாவது கடிதம் கூத்தபிரானின் கண்ணிலும் பட்டது. சபையில் அதைச் சொல்லத்தான் எழுந்தார். எல்லோரும் மந்திரிக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவரும் தட்டிவிட்டு உட்கார்ந்தார். அந்தக் கைதட்டல் பிறகு பல நாள் அவரை உறுத்தியது.

திறப்பு விழா வந்தது. தோரணம், நாகஸ்வரம், பூமாரி. அகண்ட வாகனம் பணிமனையிலிருந்து கம்பீரமாகப் புறப்பட்டுச் சுரங்க வாசல் வரை வந்தது. வாசலின் இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு அங்கேயே நின்றது. கடைசியில் யானைகளைக் கட்டிப் பணிமனைக்கே இழுத்துப் போனார்கள். நிறுத்தச் சொல்ல யாருக்கும் வாய் வராததால் நாகஸ்வரம் மட்டும் தொடர்ந்து நடந்தது.

மறுநாள் சபை கூடியது. சுரங்கம் குறுகல் என்றால் மறைந்த மன்னரைப் பழிப்பதாகும். வண்டி அகலம் என்றால் இருக்கிற மன்னரைப் பழிப்பதாகும். மந்திரி இரண்டையும் தொடவில்லை. இருளப்பன் வேண்டுமென்றே வண்டியைக் கெடுத்துவிட்டார் என்றார். மூன்று கடிதம் எழுதியதை இருளப்பன் சொன்னபோது அப்படி எதுவும் வரவில்லை என்று சாதித்தார். தீர்ப்பையும் அவரே எழுதிக் கொண்டுவந்திருந்தார். குற்றவாளி தான் கெடுத்த அதே வண்டியில் ஏற்றப்பட்டு, அதே வண்டியில் நாட்டின் எல்லை வரை கொண்டுபோகப்பட்டு, நாடு கடத்தப்பட வேண்டும். வேறு எந்த வழியிலும் கூடாது. அந்த வாசகத்தில் அவருக்கு அத்தனை பெருமை. இரண்டு தடவை வாசித்தார்.

மன்னர் முத்திரை வைத்தார். இருளப்பன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சாந்தமங்கலத்தில் முத்திரை விழுந்த தீர்ப்பை மன்னரே நினைத்தாலும் மாற்ற முடியாது.

வழக்கம்போல் எல்லாம் முடிந்த பிறகு மன்னர் கேட்டார்: "கூத்தபிரான், நீர் என்ன சொல்கிறீர்?"

இந்தமுறை கைதட்டாமல் கூத்தபிரான் எழுந்தார். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டார்.

"அருமையான தீர்ப்பு மகாராஜா. ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் நிறைவேற்ற வேண்டும். இருளப்பனை இப்போதே வண்டியில் ஏற்றிவிடலாம். எத்தனை மணிக்குப் புறப்படும் என்று மட்டும் மந்திரியார் சொல்லட்டும்."

மந்திரி "வண்டியைச் சரிசெய்த பிறகு..." என்று இழுத்தார்.

"யார் சரிசெய்வது?" என்று கேட்டார் கூத்தபிரான்.

அந்த வேலை தெரிந்தவர் ராஜ்யத்தில் ஒரே ஒருவர்தான் என்பது சபைக்கே தெரியும். எல்லோரும் இருளப்பனைப் பார்த்தார்கள்.

"அவர் சரிசெய்யட்டும்," என்றார் மன்னர். "ஓடியதும் அதிலேயே போகட்டும்."

"ஆகட்டும் மகாராஜா. ஒரு சந்தேகம். அவர் மேல் சாட்டிய குற்றம் என்ன?"

"வண்டியை ஓடாமல் செய்தது."

கூத்தபிரான் கைகூப்பினார். "அப்படியானால் வண்டி ஓடாதவரை தண்டனை இல்லை. ஓடிவிட்டால் குற்றமே இல்லை."

மன்னர் ஒருகணம் விழித்தார். பிறகு சிம்மாசனம் குலுங்கச் சிரித்தார். சபையும் சிரித்தது, மந்திரியும் சிரிக்க வேண்டியதாயிற்று. இருளப்பன் அன்றைக்கே பணிமனைக்குப் போனார். இந்தமுறை அளவு சொல்கிறவர் அவர்தான் என்று மன்னர் ஆணையிட்டார். அதற்குப் பிறகு, முகத்தை இறுக்கிக்கொண்டு, அந்த மூன்று கடிதங்களையும் தேடி எடுத்துவரும்படி மந்திரியை அனுப்பினார்.

கூத்தபிரானுக்கு ஒரு பொற்பதக்கம். கூடவே, வீடுவரை மூன்றாவது வண்டியில் அரச மரியாதையோடு பயணம் என்றும் மன்னர் அறிவித்தார்.

"பதக்கம் போதும் மகாராஜா," என்றார் கூத்தபிரான். "எனக்கு ஜலதோஷம். இன்றைக்கே வீடு போய்ச் சேர வேண்டும். நடந்து போகிறேன்."