பச்சையாய் எரிந்த முந்தானை

ஏட்டய்யா மடத்துக்குள் நுழைந்த வேகத்தில் உதறிய செருப்பு ஒன்று கிணற்றடியில் போய் விழுந்தது.

அவருக்கு வயது அறுபத்திரண்டு. போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றபின் சீடராக வந்து சேர்ந்தவர். குற்றாலிங்கம் என்ற பெயரைச் சொல்லி இன்று வரை யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. மடத்தின் குருவான குருவம்மாவுக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. தன் கோபம் தணியட்டும் என்றுதான் ஏட்டய்யா அவரிடம் வந்தார். இரண்டு வருஷமாகியும் தணிந்தபாடில்லை.

"அநியாயம் அம்மா, அநியாயம்! நெருப்பு பொய் சொல்லுமா? முதல்ல அதைச் சொல்லுங்க."

"என்ன நடந்துச்சு?"

கோயிலில் வெள்ளி விளக்கு ஒன்றைக் காணவில்லை. தர்மகர்த்தா ஒரு சோதனை வைத்தார். கோயிலில் புழங்குகிற எல்லாரும் தங்கள் துணியில் ஓர் ஓரத்தைக் கிழித்துச் சந்நிதி விளக்கில் காட்ட வேண்டும். யார் துணி நிறம் மாறி எரிகிறதோ அவர்தான் திருடர். தர்மகர்த்தாவின் துண்டு எப்போதும்போல் எரிந்தது. பூசாரியுடையதும், மேளக்காரருடையதும் அப்படியே. பாத்திரம் தேய்க்கிற மாடத்தியின் முந்தானை மட்டும் பச்சைப் பசேலென்று எரிந்தது.

"பொழுது சாயறதுக்குள்ள ஊரை விட்டுப் போகணுமாம். ரெண்டு பொம்பளைப் பிள்ளைகளை வச்சுக்கிட்டு எங்கம்மா போவா? வாயில்லாப் பூச்சி! அதைவிடக் கொடுமை, அவளே நம்பிட்டா. 'எனக்கே தெரியாம ஏதோ பாவம் பண்ணியிருக்கேன் போல'ன்னு அழறா. எனக்கு வயிறு எரியுது. நீங்க வந்து ஒரு வார்த்தை கேளுங்க."

குருவம்மா எழுந்து கொல்லைக்குப் போனார். ஒரு செப்புக் குடத்தை உருட்டிக்கொண்டு வந்தார். மழைக்காலம் முழுக்க வெளியில் கிடந்து பச்சைக் களிம்பு ஏறிய குடம்.

"புளி போட்டுத் தேய்ங்க."

"அம்மா!"

"உங்க துண்டாலேயே தேய்ங்க."

"ஒருத்தி குடி கெட்டுக்கிட்டிருக்கு, இப்பப் போயா பாத்திரம் விளக்கச் சொல்றீங்க? நல்லா இருக்கே நியாயம்!"

"மத்தியானத்துக்குள்ள பளபளன்னு இருக்கணும்."

தேய்த்தார். தேய்த்தார் என்றா சொல்வது? தர்மகர்த்தாவின் மண்டை என்று நினைத்துக்கொண்டு பிறாண்டினார். குடம் மின்னியது. துண்டு நாறியது. வெயிலில் போட்டு அது காய்ந்ததும் குருவம்மா ஓரத்தைக் கிழித்து விளக்கில் காட்டினார்.

பச்சைத் தீ.

ஏட்டய்யா வாயைப் பிளந்தார்.

"சொல்லுங்க ஏட்டய்யா, வெள்ளி விளக்கை எங்கே ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

ஏட்டய்யா விருட்டென்று எழுந்தார். துண்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, செருப்பைக்கூடத் தேடாமல் நடந்தார். குருவம்மாவும் பின்னாலேயே போனார்.

கோயில் வாசலில் மாடத்தி மூட்டையோடு நின்றாள். பிள்ளைகள் இரண்டும் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தன. ஏட்டய்யா கூட்டத்துக்கு நடுவில் போய்த் துண்டை எரித்துக் காட்டினார்.

"செப்புக் களிம்புய்யா இது! நீங்க சாமிக்குத் தண்ணி ஊத்துற குடத்தைப் பத்து வருஷமா இவ முந்தானையால தேய்ச்ச களிம்பு! இதுக்கா ஊரை விட்டுத் துரத்துறீங்க? சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறீங்களா?"

பூசாரிதான் முதலில் நகர்ந்தார். மாடத்தியின் தலையிலிருந்த மூட்டையை வாங்கிக் கீழே வைத்தார். அவள் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தர்மகர்த்தா மட்டும் விடவில்லை.

"களிம்போ கிளிம்போ, என் துண்டு சுத்தமா எரிஞ்சுதா இல்லையா? ஊரே பார்த்துச்சே!"

"பார்த்துச்சு," என்றார் குருவம்மா. "இத்தனை வருஷத்துல நீங்க ஒரு சொம்புகூடத் தேய்ச்சதில்லைன்னு."