கரண்டு இல்லாத நாளில் ஒச்சப்பன் அடித்த பந்து

உசிலம்பட்டியில் கரண்டு இல்லாத நாளாகப் பார்த்து வீடியோ கேம் லீக் நடத்துகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், காரணத்தைச் சொல்கிறேன். மாயழகுக்கு வெல்டிங் பட்டறை. நூர்தீனுக்கு ஜெராக்ஸ் கடை. சேதுராசுக்கு ஐஸ் கம்பெனி. ஒச்சப்பனுக்கு மாவு மில். நாலு பேர் பிழைப்பும் கரண்டில்தான் ஓடுகிறது. பராமரிப்பு வேலை என்று மாதத்தில் ஒரு நாள் கரண்டை நிறுத்துவார்கள். நாலு பேருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைப்பது அன்றைக்கு மட்டும்தான், அதனால் லீக்கும் அன்றைக்குத்தான். காலை எட்டு மணிக்கு ஜெராக்ஸ் கடையின் பின்கட்டில் ஆட்டத்தைத் தொடங்குவார்கள். ஒன்பது மணிக்குக் கரண்டு போய்விடும். நாற்பது வயதைத் தாண்டிய நாலு ஆண்பிள்ளைகள் ஆளுக்கொரு ஸ்டூலில் உட்கார்ந்து, அணைந்த டி.வி.யை முறைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஆட்டம் பேஸ்பால். அதை இவர்கள் தேர்ந்தெடுத்ததாக நினைக்க வேண்டாம். மாயழகுவிடம் பழைய காலத்து வீடியோ கேம் பெட்டி ஒன்று இருந்தது. அதன் கேசட்டில் ஆயிரம் ஆட்டம் என்று போட்டிருக்கும், உள்ளே இருப்பது பதினொன்று, அதில் சிக்காமல் ஓடுவது பேஸ்பால் ஒன்றுதான். அதன் விதிமுறை நாலு பேரில் ஒருவருக்கும் தெரியாது. திரையில் பார்த்துத் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: ஒரு சுற்று ஓடி வந்தால் ஒரு ரன், தூக்கி அடித்த பந்தைப் பிடித்துவிட்டால் அவுட், மூணு பேர் அவுட்டானால் பக்கம் மாறும். மற்றதற்கெல்லாம் தெருக் கிரிக்கெட் சட்டம்.

பெட்டிக்கு ஞாபகசக்தி கிடையாது. கரண்டு போனால் ஸ்கோரும் போய்விடும். இதற்கு ஒச்சப்பன் ஒரு சட்டம் கொண்டுவந்தான். அவன்தான் லீக்கின் செயலாளர். யாரும் அவனைத் தேர்ந்தெடுக்கவில்லை, ரப்பர் ஸ்டாம்பு செய்துகொண்டு வந்துவிட்டான். சட்டம் இதுதான்: கரண்டு போனால் மிச்ச ஆட்டத்தை வாயால் ஆட வேண்டும். பேட்டிங்கில் இருப்பவன் தன் ஆள் எப்படி அடித்தான் என்று சொல்லிக்கொண்டே போவான். எதிராளி கேட்டுக்கொள்ள வேண்டும். நடுவில் தன் பங்குக்கு அவனும் ஏதாவது ஆடிக்கொள்ளலாம், ஆனால் இருவரில் யாரும் 'பொய்' என்று மட்டும் சொல்லக் கூடாது. சொன்னவன் அந்த நிமிடமே தோற்றான். கட்டைவிரலால் ஜெயிக்க வக்கில்லாதவன் நாக்கால் ஜெயிப்பதற்குப் போட்ட சட்டம் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் மூன்று பேரும் தலையாட்டினார்கள். அவர்களைச் சொல்லவேண்டும்.

இந்தச் சட்டத்தில் அதிகம் அடிபட்டவன் மாயழகு. அவனுக்குப் பொய்யைக் கேட்டால் உடம்பெல்லாம் அரிக்கும். ஒச்சப்பன் வாயைத் திறந்த மூன்றாவது நிமிடத்தில், "போடா பொய்யி" என்று கத்தித் தோற்றுவிடுவான். மூன்று வருடமாக லீக்கில் கடைசி இடம் அவனுக்குத்தான்.

அது போதாதென்று போன தை மாதம் ஒச்சப்பன் இன்னொரு சட்டமும் போட்டான். வருடக் கடைசியில் கடைசி இடத்தில் நிற்பவன் வெளியே போக வேண்டும், காத்திருப்பவன் உள்ளே வருவான். காத்திருப்பவன் யார் என்றால் ஒச்சப்பனின் மச்சினன் கொடியரசன், செல்போன் ரிப்பேர் கடைக்காரன். பெட்டி? பெட்டி லீக்கின் பொதுச் சொத்தாம், இங்கேயே இருக்குமாம். மாயழகுக்கு வயிறு எரிந்தது. அவனுடைய பெட்டி, அவனுடைய கேசட், அவன் ஈயம் வைத்து ஒட்டிய ஜாய்ஸ்டிக். மாதம் முழுக்க முகமூடி மாட்டிக்கொண்டு தீப்பொறிக்குள் கிடக்கிறவனுக்கு, மனுஷ முகங்களைப் பார்த்துச் சிரிக்க இருந்தது இந்த ஒரு நாள்தான். அதைப் பிடுங்கி மச்சினனுக்குக் கொடுக்கப் பார்க்கிறான்.

ஆனால் இந்த வருடம் ஒச்சப்பன் கணக்கில் மண் விழுந்தது. கரண்டை ஒன்பதுக்குப் பதில் பத்து மணிக்கு நிறுத்த ஆரம்பித்தார்கள். இரண்டு மணி நேரத்தில் ஆட்டங்கள் கையாலேயே முடிந்தன. கையால் ஆடினால் ஒச்சப்பன் எவ்வளவு என்பது ஊருக்கே தெரிந்தது. வருடக் கடைசியில் கடைசி இடத்துக்கு இரண்டு பேர் சமமாக நின்றார்கள். ஒருவன் மாயழகு, இன்னொருவன் செயலாளர். மிச்சம் இருந்தது இவர்கள் இருவரும் மோதுகிற ஒரே ஆட்டம். தோற்றவன் வெளியே.

அன்றைக்கு ஒச்சப்பன் எட்டு மணிக்கு வரவில்லை. ஒன்பதே காலுக்கு வந்தான். மில்லில் பெல்ட் அறுந்துவிட்டதாம். பின்னாலேயே கொடியரசன், புது பனியனும் தலைக்கு எண்ணெயுமாக, பதவியேற்பு விழாவுக்கு வந்தவன் மாதிரி. கோப்பையை ஏற்கெனவே ஜெயித்துவிட்ட சேதுராசு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டதால் அம்பயர் நூர்தீன் ஒருவர்தான். பத்து மணி அடித்தபோது கடைசி இன்னிங்ஸ். மாயழகு ஆறு, ஒச்சப்பன் இரண்டு. ஒச்சப்பனுக்கு இரண்டு பேர் அவுட், ஆடிக்கொண்டிருப்பது கடைசி ஆள். பொத்தென்று டி.வி. அணைந்தது.

"வாய் ஆட்டம்," என்றான் ஒச்சப்பன், சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு.

மாயழகு இதற்குத் தயாராக வந்திருந்தான். சட்டைப் பையிலிருந்து கல் மாதிரி ஒரு பொரிவிளங்காய் உருண்டையை எடுத்து முழுசாக வாய்க்குள் அடைத்தான். அது ஊறிக் கரைய அரைமணி நேரம் ஆகும், அதுவரை 'பொ' என்றுகூட வராது.

"எல்லாரும் கரண்ட அவய்ங்க நிறுத்துனதா நெனைக்கிறீங்க," என்று ஆரம்பித்தான் ஒச்சப்பன். "இல்ல. கடைசியா நான் அடிச்சேன் பாருங்க ஒரு அடி, அந்தப் பந்து திரையத் தாண்டி, இந்தா இந்த சன்னல் வழியாப் போயி, முக்கு டிரான்ஸ்பார்மர்ல பட்டுச்சு. அதுல போனதுதான் கரண்டு."

"அத்தான், நேத்தே பேப்பர்ல போட்டிருந்தாய்ங்களே, இன்னைக்குக் கரண்டு இருக்காதுன்னு," என்றான் கொடியரசன். கபடமில்லாமல்தான் கேட்டான்.

"போடுவாய்ங்கடா மாப்ள. இன்னைக்கு ஒச்சப்பன் பேட்டிங்னு அவய்ங்களுக்குத் தெரியாதா? மக்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டாமா?"

நூர்தீன் தலையைக் குனிந்துகொண்டார். மாயழகின் தாடை உருண்டையோடு மல்லுக்கட்டியது.

"டிரான்ஸ்பார்மர்ல பட்டா நிக்கும்னு பாத்தீங்களா? அதுல ஒரு வேகம் எடுத்துச்சு. நேரா மேக்க. ஆண்டிபட்டிக் கணவாயத் தாண்டி நிக்கிது பாருங்க பெரிய காத்தாடிக, கரண்டு எடுக்குறது, அதுல ஒண்ணோட றெக்கையில விழுந்துச்சு. காத்தாடி தலகீழாச் சுத்த ஆரம்பிச்சிருச்சு. இத்தன நாளா ஊருக்குக் கரண்டு குடுத்துச்சா, இப்ப ஊர்ல இருக்குற கரண்ட எல்லாம் இழுத்துக்கிட்டு இருக்கு. சாயங்காலம் அஞ்சு மணி ஆகும், அது தன்னால நிக்க."

"அதுக்கு எத்தனை ரன்னு?" என்று கேட்டார் நூர்தீன், நோட்டைத் திறந்து.

"இருங்க பாய், பந்து இன்னும் கீழ விழுகலைல்ல. விழுகுற வரைக்கும் நம்ம ஆளு சுத்திச் சுத்தி ஓடிக்கிட்டே இருப்பான். சுத்துக்கு ஒரு ரன். இப்ப நாப்பது ஆச்சு."

மாயழகின் காது சிவந்தது. இரண்டு கையாலும் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். நாப்பது ரன். வெட்கமில்லாத நாய். கையில் ஜாய்ஸ்டிக் இருந்தபோது முக்கால் மணி நேரத்தில் இரண்டு ரன் எடுக்க வேர்த்து வழிந்தவன்.

"காத்தாடி எத்துன எத்துல பந்து மலையாளத்துக்குள்ள போயிருச்சு. அங்க ஒருத்தன் தென்னமரத்துல ஏறி நின்னு தேங்கா வெட்டிக்கிட்டு இருக்கான். பந்து போன காத்துலயே அந்தத் தோப்புல இருந்த தேங்கா பூராம் விழுந்திருச்சு. விழுந்தது மட்டுமில்ல, உரிச்சும் கெடந்துச்சு."

"மட்டை தனி, காய் தனியாவா?" என்றார் நூர்தீன்.

"நார் வேற தனியா திரிச்சுக் கெடந்துச்சு பாய். கயித்தக் கட்டி அப்படியே லாரியில ஏத்த வேண்டியதுதான். நூத்தி அறுவது ரன்னு."

கொடியரசனுக்குக் கொட்டாவி வந்தது. அத்தான் முறைத்ததும் பாதியிலேயே மூடிக்கொண்டான். மாயழகு கண்ணை மூடியிருந்தான். வாய்க்குள் உருண்டை ஒரு பக்கம் கரையத் தொடங்கிவிட்டதை அவன் பயத்தோடு உணர்ந்தான்.

"அப்புறம் கடலு. கடலத் தாண்டி மேல ஏறுது. மேல போனா சாட்டிலைட்டு. அதுல ஒண்ணுல பட்டு, எட்டு நாட்டு டி.வி.ல படம் மாறிப் போச்சு. நம்ம டி.வி.ல நியூஸ் வர்ற எடத்துல ஜப்பான்காரி சமையல் செய்யிறா, ஜப்பான்ல நம்ம ஊரு வயலும் வாழ்வும் ஓடுது. ஜப்பான்ல இந்த கேமைக் கண்டுபிடிச்ச பெரியவரு ஒருத்தரு இருக்காரு. வயசு தொண்ணூறு. வீட்டு வாசல்ல நிக்கிறாரு. தலைக்கு மேல பந்து போகுது. அண்ணாந்து பாத்துட்டு வீட்டுக்காரம்மாகிட்டச் சொல்றாரு, 'நான் செஞ்ச கேம்ல இப்படி ஒரு அடியே கெடையாதே, இது உசிலம்பட்டி ஒச்சப்பனாத்தான் இருக்கணும்'னு."

"தமிழ்லயா சொன்னாரு?" என்றான் கொடியரசன்.

"பேரச் சொன்னா எந்தப் பாசையிலயும் ஒண்ணுதான்டா. ஆயிரத்து நானூறு ரன்னு பாய், எழுதுங்க."

நூர்தீன் எழுதினார். மனுஷனுக்குச் சட்டம் சட்டம்தான். மாயழகு எட்டி அந்தக் கணக்கை நோட்டில் பார்த்தான். ஆறு ரன்னை அவன் உண்மையாக எடுத்திருந்தான். விரல் கன்றிப்போய் எடுத்த ரன். உருண்டை பாதிக்குமேல் கரைந்துவிட்டது, சொல் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது, சொன்னால் அடுத்த மாதம் இந்த ஸ்டூலில் எண்ணெய்த் தலையன் உட்கார்ந்திருப்பான். அவன் மிச்ச உருண்டையையும் அந்தச் சொல்லையும் ஒரே கடியாகக் கடித்து விழுங்கினான். கண்ணில் தண்ணீர் வந்தது.

அவன் திணறுவதை ஒச்சப்பன் பார்த்துவிட்டான். இன்னும் ஒரே தள்ளு, ஆள் காலி என்று நினைத்திருக்க வேண்டும். எழுந்து நின்றுகொண்டான்.

"இப்ப அந்தப் பந்து எங்க இருக்குங்கிறீங்க? பூமியச் சுத்திக்கிட்டு இருக்கு. நிக்காது. ரெண்டு ரவுண்டு முடிஞ்சிருச்சு. மூணாவது ரவுண்டுல நேரா இங்கதான் வருது. அந்த சன்னல் வழியா வந்து, இந்தச் சன்னல் வழியாப் போகும். சத்தம் கேக்குதா? தலையக் குனிங்க எல்லாரும்."

கொடியரசன் நிஜமாகவே குனிந்தான். நூர்தீன்கூட லேசாகக் கழுத்தை இழுத்துக்கொண்டார்.

மாயழகு குனியவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி, காற்றில் சட்டென்று மூடினான். மூடிய முஷ்டியை மெதுவாக இறக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"பிடிச்சிட்டேன்," என்றான்.

தெருவில் ஐஸ்காரன் மணியடித்துக்கொண்டு போனான்.

"என்னத்தப் பிடிச்ச?" என்றான் ஒச்சப்பன்.

"பந்த. கேட்ச். ஒங் கடைசி ஆளு அவுட்டு பங்காளி. ஆட்டம் முடிஞ்சிச்சு. ஆறு, ரெண்டு."

"பங்காளி, அது எம்புட்டு வேகத்துல வருது தெரியுமா? கை பிஞ்சு போயிருமே."

"வெல்டிங் பிடிச்ச கை. சூடு பழகிருச்சு."

"அப்படின்னா கையத் தொறந்து காட்டு."

"தொறந்தா மறுபடி பறந்துரும். நீதான சொன்ன, நிக்காதுன்னு."

நூர்தீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பதினைந்து வருடமாக அம்பயராக இருந்தவருக்கு அன்றைக்குத்தான் உத்தியோகம் பிடித்துப்போனது. "ஒச்சு, சட்டம் நீ போட்டது. மாயழகு பிடிச்சேங்கிறான். பொய்யிங்கிறியா?"

"நான் எப்பப் பாய் பொய்யின்னேன்?" என்று பதறினான் ஒச்சப்பன். "அந்த வார்த்தையவே நான் சொல்லல. பந்து காத்தாடில பட்டுச்சுல்ல, டிரான்ஸ்பார்மர்ல பட்டுச்சுல்ல. ஒரு தடவ பட்டு எந்திரிச்ச பந்தப் பிடிச்சா எப்படி அவுட்டாகும்?"

"தரையில பட்டாத்தான் அந்தக் கணக்கு. காத்தாடியும் டிரான்ஸ்பார்மரும் தரை இல்ல. இன்னும் கீழ விழுகலைன்னு நீயே சொல்லி, நான் எழுதியிருக்கேன்." நூர்தீன் நோட்டைத் திருப்பிக் காட்டினார். "ரெண்டே வழிதான். பிடிச்சது பொய்யின்னு சொல்லு, சட்டப்படி நீ தோத்த. இல்ல, பிடிச்சது நெசம்னு சொல்லு, ஒன் ஆளு அவுட்டு, அப்பவும் தோத்த."

ஒச்சப்பன் நின்றபடியே யோசித்தான். பொய் என்று ஒரு சொல் சொன்னால் போதும், மாயழகு காற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று ஆகிவிடும். ஆனால் காற்றைப் பிடித்தான் என்றால் அங்கே பந்து இல்லை என்று ஆகும். பந்து இல்லை என்றால் காத்தாடி இல்லை, தேங்காய் இல்லை, ஜப்பான் பெரியவர் வாசலில் நின்று தன் பேரைச் சொன்னதும் இல்லை. அந்தப் பெரியவரை விட்டுக்கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை. ஸ்டூல் போனாலும் பரவாயில்லை என்று அந்தப் புளுகன் முடிவெடுத்ததை மாயழகு கண்ணால் பார்த்தான். பார்த்து, அவனுக்குப் பாவமே வரவில்லை. நல்லா வேணும் என்றுதான் தோன்றியது.

"நெசம்," என்றான் ஒச்சப்பன். "நல்லாவே பிடிச்சான்."

நூர்தீன் எழுதி, கீழே ரப்பர் ஸ்டாம்பைக் குத்தினார்.

கொடியரசன் எழுந்து பனியனை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தான். அவனுக்கு ஒரு விஷயம்தான் புரிந்திருந்தது, ஆனால் அது சரியாகப் புரிந்திருந்தது. "அத்தான், கொஞ்சம் தள்ளுங்க. அந்த ஸ்டூலு இனிமே எனக்கு."

ஒச்சப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கதவுவரை போனான். அங்கே நின்று திரும்பினான். "ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. அவன் பிடிக்கல, நான்தான் அவன் கைக்குப் பாத்து அடிச்சேன். மச்சினனுக்கு ஒரு எடம் கெடைக்கட்டும்னு, அம்புட்டுத் தூரம் சுத்தவிட்டு, கரெக்டா அந்தக் கைக்குள்ள எறக்கினேன்."

நூர்தீன் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"சரி. போறப்ப கதவத் தொறந்தே வச்சுட்டுப் போ. காத்தாவது வரட்டும்."