எஃப் வராத கிட்டார்

"மிஸ், இத வித்தா என்ன விலைக்குப் போவும்?"

பெலவேந்திரம் தன் கிட்டாரை மேஜைமேல் கிடத்தினார்.

செலஸ்டினா மிஸ் வேறொரு கிட்டாருக்குக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"இருங்க அண்ணாச்சி. இந்தக் கம்பி முடியட்டும்."

குரு என்றதும் தாடியையும் ஆலமரத்தையும் தேட வேண்டாம். இந்தக் குருவுக்கு முப்பது வயதுதான் இருக்கும். தூத்துக்குடியில் ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் ஒற்றை அறை, சாயங்காலமானால் அங்கே கிட்டார் வகுப்பு. சிஷ்யருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பழைய பைக் வாங்கி விற்கும் புரோக்கர். ஊரில் ஓடுகிற வண்டிகளில் பாதி அவர் மூலமாகக் கைமாறினவைதான்.

சிஷ்யருக்குப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. குருவுக்கோ பேச்சே ஆகாது. இந்த லட்சணத்தில் மூன்று வருஷமாக வகுப்பு நடந்துகொண்டிருக்கிறது.

கம்பி முடிந்தது. மிஸ் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்ப எதுக்கு விலை?"

"டவுன்ல ஒரு கடைக்காரன், பழசை எடுத்துக்கிட்டுப் புதுசு தாரேங்கான். என்னா கிட்டாருங்கிய! பாத்தாலே கும்பிடத் தோணும். ஆனா பழசுக்கு அவன் சொல்லுற விலை இருக்கே, அநியாயம். இதே பைக்கா இருந்தா அவனை ஒரு வழி பண்ணியிருப்பேன். இதுல எனக்கு என்ன தெரியும்? நீங்க ஒரு விலை சொன்னா அதப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன்."

மிஸ் கிட்டாரைக் கிட்டே இழுத்தாள். மூக்கைச் சுளித்தாள்.

"என்ன வாசனை இது?"

"பாலிஷ்."

"பைக் பாலிஷா?"

"லேசாத்தான் போட்டேன் மிஸ்."

ஒரு பழைய துணியை எடுத்து அழுத்தித் துடைத்தாள். துணியில் கறுப்பு மை ஒட்டியது. விளிம்பில் ஒரு கீறல் தலைகாட்டியது.

"என்கிட்டயேவா?"

"பழக்கதோஷம்" என்றார் பெலவேந்திரம். முகத்தில் கொஞ்சம்கூட வெட்கம் இல்லை.

மிஸ் கிட்டாரைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கழுத்தை நெடுகப் பார்த்தாள். எங்கேயும் வளைவு இல்லை. கம்பிகளை அடியில் பிடித்து நிறுத்தும் கட்டை பலகையை விட்டுக் கிளம்பியிருக்கிறதா என்று ஒரு காகிதத்தை நுழைத்துப் பார்த்தாள். நுழையவில்லை. தலையில் இருக்கிற, கம்பியை முறுக்கும் கீகளை ஒவ்வொன்றாகத் திருகினாள். ஒன்றும் வழுக்கவில்லை. கடைசியாக வட்ட ஓட்டைக்குள் செல்போன் வெளிச்சத்தை அடித்து உள்ளே ஏதாவது விரிசல் இருக்கிறதா என்று தேடினாள்.

பெலவேந்திரத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. தன் முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு நகத்தைக் கடிக்கிற ஆட்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார். அந்தப் பக்கம் நிற்பது இதுதான் முதல் தடவை.

"எப்படி மிஸ்?"

"விலை சொல்லலாம். அதுக்கு முன்னால ஒண்ணு தெரியணும்."

"கேளுங்க."

"ஏன் விக்கிறீய?"

அடப்பாவமே, அது அவருடைய கேள்வி அல்லவா!

எந்த வண்டி வந்தாலும், கிக்கரில் கால் வைக்கும் முன்னால் அவர் கேட்பது அதைத்தான். ஒருவன் வெளிநாடு போகிறேன் என்பான். இன்னொருவன் கார் வாங்கிவிட்டேன் என்பான். அவர் 'அப்படியா, ரொம்பச் சந்தோஷம்' என்று தலையை ஆட்டிக்கொண்டே மனசுக்குள் விலையை இறக்கிக்கொண்டிருப்பார்.

"என்ன மிஸ் இப்படிக் கேக்குறீய? உங்களுக்குத் தெரியாததா? எஃப் வரமாட்டேங்குது."

எஃப் என்பது பல ஸ்வரங்களை ஒரே சமயத்தில் ஒலிக்கவைக்கும் ஒரு கார்டு; கிட்டார் படிக்கிறவர்களுக்கு முதலில் வரும் கண்டம். ஆட்காட்டி விரலைக் குறுக்கே படுக்கவைத்து ஆறு கம்பியையும் ஒரே அமுக்காக அமுக்க வேண்டும். கொஞ்சம் பிசகினால் போச்சு. இசைக்குப் பதிலாகத் தகரத்தைத் தட்டினாற்போல ஒரு 'டொக்' வரும். பெலவேந்திரத்துக்கு மூன்று வருஷமாக டொக்தான்.

"அடுத்த மாசம் மெட்டில்டா கல்யாணம்னு சொன்னேன்ல? பூசை முடியுறப்ப நன்றிப் பாட்டுக்கு நான்தான் வாசிக்கணுமாம். இருக்குறது ஒரே மக. அவளே வாய்விட்டுக் கேக்கும்போது மாட்டேன்னு எப்படிச் சொல்ல? சரின்னுட்டேன். அந்தப் பாட்டுல பாத்தா திரும்பத் திரும்ப எஃப் வருது. இந்தக் கிட்டார்ல கம்பி கழுத்த விட்டு ரொம்ப உசரம் மிஸ். விரலு அமுங்கவே மாட்டேங்குது. அதான் மாத்துதேன்."

மிஸ் அந்தக் கிட்டாரை மடியில் வைத்தாள். விரலைப் படுக்கவைத்து ஒரு எஃப் வாசித்தாள்.

ஆறு கம்பியும் சுத்தமாகப் பேசின.

பெலவேந்திரம் தொண்டையைச் செருமினார்.

"சரி, அத விடுங்க. சத்தம் காணாதுல்ல? மாதா கோயில் எம்புட்டுப் பெருசு. இந்தச் சத்தம் மூணாவது பெஞ்சைத் தாண்டாது."

"மைக் வைப்பாங்க."

"மைக் வைப்பாங்கதான்."

புரோக்கர் மூளை சும்மா இருக்குமா? அடுத்த காரணம் தயாராகிவிட்டது.

"மாப்பிள்ளை வீடு வசதியான வீடு மிஸ். அத்தனை பேருக்கு முன்னால இந்தப் பழசத் தூக்கிக்கிட்டு நின்னா நம்ம மரியாதை என்ன ஆகும்? வீடியோ வேற எடுப்பான். காலாகாலத்துக்கும் அதுல நிக்கும்."

மிஸ் எழுந்தாள்.

சுவரில் ஒரு கிட்டார் தொங்கியது. அவளுடையது. வகுப்புக்கு வருகிறவர்கள் யாரும் அதைத் தொடக் கூடாது. தெரியாமல் தொட்டவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதைக் கழற்றி, உறையில் போட்டு, ஜிப்பை இழுத்து மூடி, பெலவேந்திரத்தின் கையில் கொடுத்தாள்.

"இதுல வாசிங்க. கம்பி தணிவு. சத்தமும் நல்லாயிருக்கும். வீடியோவுல பாக்கவும் லட்சணமா இருக்கும்."

"மிஸ்!"

"இன்னைக்கே கொண்டுபோங்க. கல்யாணம் முடிஞ்சு திருப்பித் தாங்க. ஒரு மாசம் முழுசா இருக்கு, தினமும் வாசிச்சா கை நல்லாப் பழகிரும். நீங்க எதையும் விக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம்."

வேறு யாராக இருந்தாலும் வாரி அணைத்துக்கொண்டு படியிறங்கியிருப்பார்கள். பெலவேந்திரம் சூடு பட்டவர் மாதிரி அதை மேஜைமேல் வைத்துவிட்டார்.

"ஐயையோ, இப்ப வேண்டாம் மிஸ்."

"ஏன்?"

"வீட்டுல பெயிண்ட் அடிக்காங்க, சாமான் எல்லாம் வெளிய கெடக்கு. கல்யாணத்துக்கு முந்துன நாள் வந்து வாங்கிக்கிடுதேன்."

மிஸ் அவரையே பார்த்தாள்.

"கடையில புதுசு என்னைக்கு எடுக்குறதா இருந்தீய?"

பெலவேந்திரம் மேஜைமேல் இருந்த உறையை அவள் பக்கம் தள்ளினார்.

"அதுவும் முந்துன நாள்தான்."

மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. கீழே மருந்துக் கடையில் யாரோ இருமல் மருந்து கேட்டார்கள்.

விற்க வந்தவன் தன் வாயாலேயே மாட்டிக்கொள்கிற நேரம் எப்படி இருக்கும் என்று பெலவேந்திரத்துக்கு நன்றாகத் தெரியும். அந்த நேரத்தில் அவன் காதெல்லாம் சிவந்துபோகும். இப்போது அவர் காது சூடாக இருந்தது. இந்த நிமிஷம்வரை தனக்கே தான் இதைச் சொல்லிக்கொண்டதில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

நாற்காலியில் உட்கார்ந்தார்.

"புதுசுன்னு வச்சுக்கோங்க" என்று மெல்ல ஆரம்பித்தார். "தப்பா வாசிச்சாலும் ஒரு பேச்சு இருக்கும்ல? நேத்துதான் வாங்குனேன், இன்னும் கை பழகலன்னு சொல்லிச் சிரிச்சிரலாம். எல்லாரும் ஒத்துக்கிடுவாங்க. இந்தப் பழசை வச்சுக்கிட்டு நான் என்னத்தச் சொல்ல?"

மிஸ் மை ஒட்டிய துணியை மடித்து வைத்தாள்.

"பயமா இருக்கு மிஸ். வெக்கமாவும் இருக்கு. ஊருல அத்தனை பேர்ட்டயும் வாயடிச்சே பொழச்சவன் நான். அங்க போய் எஃப்ல டொக்குன்னு விழுந்தேன்னா அப்புறம் மெட்டில்டா மூஞ்சிய எப்படிப் பாப்பேன்? பாவம், நம்பிக் கேட்டிருக்கா. அவ நல்ல நாளை நானே கெடுத்துருவேனோன்னு இருக்கு."

கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

மிஸ் ஆறுதல் சொல்கிற ஜாதி இல்லை. பழைய கிட்டாரை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"கழுத்து நேரா இருக்கு. கட்டை கிளம்பல. உள்ள விரிசல் இல்ல. கீறல மறைக்காமச் சொல்லி வித்தீயன்னா, வாங்குன விலைல பாதிக்கு மேலயே போவும். கடைக்காரன் அதுக்குக் கீழ கேட்டா குடுக்காதீய."

இதைக் கேட்கத்தான் படியேறி வந்தார். கேட்டாகிவிட்டது. சந்தோஷமாக இல்லை.

"அப்ப வித்துரவா மிஸ்?"

"அது உங்க இஷ்டம் அண்ணாச்சி. எனக்கு ஒண்ணுதான் புரியல."

"என்னது?"

"நீங்க வாசிச்சு மெட்டில்டா ஒரு நாளும் கேட்டதில்லையோ?"

பெலவேந்திரத்துக்குச் சுள்ளென்று வந்தது. அழுகையெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"நல்லாக் கேட்டீய போங்க! எங்க வீடு என்ன பங்களாவா? இருக்குறதே ரெண்டு ரூம். விடிஞ்சும் விடியாம நான் எந்திரிச்சு அந்த எஃப்கூட மல்லுக்கட்ட ஆரம்பிச்சிருவேன். அவ பக்கத்து ரூம்ல சுவரோரமாத்தான் படுத்திருப்பா. மூணு வருஷமா நான் போட்ட ஒரு டொக்கு விடாம அவ கேட்டுட்டுத்தானே என்னைய வாசிக்கச் சொல்லி..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தி, மடியிலிருந்த பழைய கிட்டாரைப் பார்த்தார்.