ஈர விறகு

மருதையனின் பதினோராவது பானையையும் குரு கொட்டிவிட்டார்.

ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். திறந்தார். பானையைத் தூக்கி நந்தியாவட்டைச் செடியடியில் சாய்த்தார். அவ்வளவுதான். ஏன் என்று சொல்லவில்லை. முந்தைய பத்துத் தடவையும் சொன்னதில்லை.

அடுத்து இன்னொரு சீடன் பரஞ்சோதியின் பானை. அதிலும் ஒரு சொட்டு நாக்கில் வைத்தார். "கொண்டுபோய்க் கொடு" என்றார். காய்ச்சலில் கிடந்த தேனெடுப்பவனுக்கு அந்தக் கஷாயம் போனது.

மருதையனுக்குப் பொறுக்கவில்லை.

குரு வைத்தியம் சொல்லிக்கொடுத்த அந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு. சீடன் காய்ச்சிய கஷாயம் ஒரு தடவையாவது நோயாளியின் வாய்க்குப் போகவேண்டும். போனால்தான் அடுத்த பாடம். மற்ற எட்டுப் பேரும் போன மழைக்கு முன்பே தேறிவிட்டார்கள். மருதையன் மட்டும் மூன்று வருஷமாக ஒரே பாடத்தில் நின்றான். பதினேழு வயசு. பின்னால் வந்தவனெல்லாம் அவனை "அண்ணே" என்று மரியாதையாகக் கூப்பிட்டுவிட்டு முன்னால் போய்க்கொண்டிருந்தான்.

துணிகளை மூட்டை கட்டினான். மூட்டையோடு வந்து குருவின் முன்னால் நின்றான்.

"ஐயா, ஒன்று கேட்கவேண்டும்."

"கேள்."

"உங்களுக்குப் பிடித்தவன் பரஞ்சோதிதானே?"

"ஆமாம்" என்றார் குரு.

மருதையன் இதை எதிர்பார்க்கவில்லை. எல்லாரும் எனக்கு ஒன்றுதான் என்பார், அது பொய் என்று சண்டை போடலாம் என்றுதான் வந்திருந்தான்.

"ஆமாம் என்கிறீர்களே!"

"அவன் வந்து உட்கார்ந்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. வராதே என்றால் சிரிப்பு கேட்குமா?"

"அதனால்தான் அவன் கஷாயம் தேறுகிறது."

"அவன் கஷாயம் கசக்கிறது. அதனால் தேறுகிறது."

"என்னுடையது?"

குரு காலி பானையைக் கவிழ்த்து வைத்தார்.

"சரி, அதை விடுங்கள். சாயங்காலம் பாறையில் உட்கார்ந்து அம்மையும் நீங்களும் எங்களைப் பற்றித்தானே பேசுகிறீர்கள்?"

"வேறு எதைப் பேச? இந்த மலையில் எங்களுக்குத் தெரிந்தது நீங்கள் ஒன்பது பேரும் குரங்குகளும்தான். குரங்குகளைப் பற்றிக் கொஞ்ச நேரம்தான் பேசமுடிகிறது."

"நேற்று என் பேர் காதில் விழுந்தது. இரண்டு பேரும் சிரித்தீர்கள்."

"சிரித்தோம்."

"என்னைப் பற்றி என்ன பேசினீர்கள்?"

"நான் சொன்னால் நம்பமாட்டாய். அம்மையிடமே போய்க் கேள்."

காந்திமதி அம்மைதான் சீடர்களுக்கு மருந்துப் பாட்டு சொல்லிக்கொடுப்பவர். மருதையன் போனபோது சமையல்கட்டுக்குப் பின்னால் பாறை மேல் விறகு பரப்பிக்கொண்டிருந்தார். வலது கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது.

"அம்மா, நேற்று ஐயாவும் நீங்களும் என்னைப் பற்றி என்ன சொல்லிச் சிரித்தீர்கள்?"

"எடுத்த எடுப்பிலேயே சண்டையா? மூட்டை வேறு." அம்மை நிமிர்ந்தார். "உன்னைச் சொல்லி யார் சிரித்தது? பரஞ்சோதி பாட்டு ஒப்பித்தான். நடுவில் மறந்துபோச்சு. 'மருதையண்ணே, அடுத்த வரி என்ன' என்று அதையும் ராகத்திலேயே பாடிவிட்டான். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அது பாட்டில் இல்லை என்று எனக்குத் தெரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று."

மருதையனுக்கும் சிரிப்பு வந்தது. வரவேண்டாம் என்று உதட்டைக் கடித்தான்.

"அவ்வளவுதானா?"

"அவன் குறட்டை விடுவது, தூக்கத்தில் வடை கேட்டது, எல்லாம் ஐயா சொல்வார். அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்ல அவருக்கு நாள் போதாது."

"என்னைப் பற்றி?"

"உன் கஷாயம் ஏன் தேறவில்லை என்று நான்தான் ஒவ்வொரு தடவையும் கேட்பேன். ஒரே பதில்தான் சொல்வார். விறகு ஈரம் அம்மை, பையன் என்ன செய்வான் என்பார்."

மருதையன் மூட்டையை இறுக்கிப் பிடித்தான்.

"முதலில் கருவேல விறகு. அதுதான் சரியில்லையோ என்று புளிய விறகு மாற்றினேன். பகலெல்லாம் வெயிலில் திருப்பிப் போடுகிறேன். சாயங்காலம் அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றுகிறேன். இந்தக் குவியல் உனக்கு மட்டும். வேறு எவனும் தொடக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்."

"எனக்கு மட்டுமா?"

"பின்னே? ஈர விறகை வைத்துக்கொண்டே எல்லாருக்கும் முன்னால் நீதான் பானையை இறக்குகிறாய். காய்ந்த விறகு கிடைத்தால் இவன் எங்கேயோ போய்விடுவான் ஐயா என்று அவரிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்." அம்மை குரலைத் தாழ்த்தினார். "அவருக்குப் பரஞ்சோதி. எனக்கு நீதான். வெளியே சொல்லிவிடாதே."

விரல் கட்டை அவிழ்த்துக் காட்டினார். உள்ளே சிராய் ஏறிச் சிவந்திருந்தது.

"இன்றைக்கு என்ன சொன்னார்? இன்றைக்குமா ஈரம்?"

மருதையன் ஒரு விறகை எடுத்துப் பாறையில் தட்டினான். மணி மாதிரி கேட்டது. அப்படியே கீழே வைத்துவிட்டுத் திரும்பி நடந்தான்.

விறகில் குற்றமில்லை என்று அவனுக்குத் தெரியும். எட்டுப் படி தண்ணீர் ஒரு படியாகச் சுண்டவேண்டும். பானைக்குள் நிற்கும் வேப்பங்குச்சியில் ஒரு படிக்கு ஒரு கோடு கீறியிருக்கும். தண்ணீர் அந்தக் கோட்டுக்கு இறங்கும்வரை அடுப்பின் முன்னால் உட்காரவேண்டும். அரை நாள் ஆகும். மருதையனால் அரை நாள் உட்காரமுடியாது. பாதி நேரம் போனதும் சுற்றிலும் பார்ப்பான். யாரும் இல்லையென்றால் அகப்பையால் தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே ஊற்றிவிடுவான். கோடு வந்துவிடும். பதினோரு தடவையும் அப்படித்தான் வந்தது.

குரு அதே இடத்தில் இருந்தார்.

"அம்மையிடம் ஏன் பொய் சொன்னீர்கள்?"

"என்ன பொய்?"

"விறகு ஈரமில்லை."

"பின்னே?"

மருதையன் அண்ணாந்து மரத்தைப் பார்த்தான். பிறகு அடுப்பைப் பார்த்தான்.

"அகப்பை" என்றான்.

குரு தலையாட்டினார்.

"தெரியுமா?"

"நாக்கு இருக்கிறதே."

"என்னிடமாவது சொல்லியிருக்கலாமே?"

"உன்னிடம் என்ன சொல்ல? உனக்குத்தான் தெரியுமே."

"பரஞ்சோதி குறட்டை விடுவதைக்கூட அம்மையிடம் சொல்கிறீர்கள். என் விஷயத்தை மட்டும் ஏன் மறைத்தீர்கள்?"

"அவன் குறட்டையைச் சொன்னால் அம்மை சிரிப்பார்" என்றார் குரு.

மூட்டை கையில் கனத்தது. இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டான்.

குரு எழுந்துபோய் அடுப்போரம் கிடந்த அகப்பையை எடுத்து வந்தார். அவனிடம் நீட்டினார்.

"மூட்டை கட்டிவிட்டாய். சரி. இதைக் கொண்டுபோய் அம்மையிடம் கொடு. எதற்கு என்று கேட்பார். சொல். சொல்லிவிட்டு அங்கே நிற்காதே. அப்படியே கீழே இறங்கிப் போய்விடு."

மருதையன் போனான். கொடுத்தான்.

"இது எதற்கு?" என்றார் அம்மை.

சொன்னான். சுற்றி வளைக்கவில்லை. நாலே வாக்கியம்தான். சொல்லும்போது அம்மையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. விறகைப் பார்த்துச் சொன்னான்.

அம்மை சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. அகப்பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். பாறை முழுக்கப் பரப்பியிருந்த விறகைப் பார்த்தார்.

"இவ்வளவையும் நான் என்ன செய்ய?" என்றார்.

மருதையன் நின்றான். பிறகு மூட்டையைக் கீழே வைத்தான். கை கொண்டமட்டும் விறகை அள்ளிக்கொண்டு அடுப்புக்குப் போனான்.

எட்டுப் படி அளந்து ஊற்றினான். மருந்தைப் போட்டான். குச்சியை நிறுத்தினான். அகப்பை அம்மையிடமே இருந்தது. பரஞ்சோதி வந்து எட்டிப் பார்த்து, "என்ன அண்ணே, இந்த நேரத்திலா?" என்றான். மருதையன் குச்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. விறகு சடசடவென்று பிடித்தது. வெயில் பாறையை விட்டு இறங்கிவிட்டது. தண்ணீர் கோட்டுக்கு ஆறு விரல் மேலே நின்றது.

சொல்லிவிட்டு நிற்காதே, கீழே இறங்கிப் போய்விடு என்றுதான் குரு சொல்லியிருந்தார்.

அவன் போகவில்லை.